லின்னியாவின் ஸ்டேஷன் ஓட்டம்

மால்ட்டா என்ற சமவெளிச் சிற்றூரில் ஒருவர் புது வண்டி எடுத்துவிட்டால் ஊரார் முதலில் கேட்பது, "எந்த ஸ்டேஷன் வரைக்கும் போச்சு?" என்பதுதான். என்ன விலை, எத்தனை மைல் ஓடியது என்பதெல்லாம் பிறகு. இருபது வருடமாக இதுதான் வழக்கம். தொடங்கி வைத்தவள் டயர் கடை லின்னியா ஸ்கோக்லண்ட்.

ரயில் பாதையோரம் கிழக்கிலிருந்து மேற்காக வரும் ஊர்களின் பெயர்கள் அந்தச் சமவெளியில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். கிளாஸ்கோ, ஹின்ஸ்டேல், சேக்கோ, மால்ட்டா, டாட்சன், ஹார்லெம், ஜூரிக், சினூக், ஹாவர், கிரெம்லின், கில்ட்ஃபோர்ட். பாதிப் பெயர்கள் வெளிநாட்டு ஊர்களிடம் இரவல் வாங்கியவை. டயர் மாட்டிய வண்டியை லின்னியா ஊருக்கு மேற்கே நேர்கோடாகக் கிடக்கும் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகச் சொல்வாள். வண்டிக்காரர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் உட்காருவாள். ரேடியோ, ஹீட்டர் எதுவும் கூடாது. வேகமுள் இருபது மைலைத் தொட்டதும் சாதாரணக் குரலில் "கிளாஸ்கோ" என்பாள். இருபத்தைந்தில் "ஹின்ஸ்டேல்". ஐந்து ஐந்தாக வேகம் ஏற ஏற, ஒவ்வொரு ஊராக வரும். ஓட்டுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எந்தப் பெயர் டயர் இரைச்சலில் காணாமல் போகிறதோ, அதோடு அந்த வண்டி நின்றது. எழுபதில் கில்ட்ஃபோர்ட். அதுவரை போன வண்டிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

பட்டியல் மனப்பாடம் என்பதால் காதில் விழாமலே சொல்லி ஏமாற்றலாம் அல்லவா? அதற்காக அவள் நடுவில் எதையாவது மாற்றிச் சொல்வாள். தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் ரஸ் ஒருமுறை தன் பிக்கப்பை ஓட்டிவந்தபோது, ஹார்லெம் வர வேண்டிய இடத்தில் அவள் "வெள்ளரிக்காய் ஊறுகாய்" என்றாள். ரஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஹார்லெம்!" என்றான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டு வாசலில் ஊரார் வைத்த பதினேழு ஊறுகாய் பாட்டில்கள் இருந்தன.

லின்னியா இந்த வேலைக்கு வந்தது இருபத்தாறு வயதில், பண்ணைகளுக்கு டிராக்டர் டயர் கொண்டுபோகும் லாரியை ஓட்ட. அந்த லாரி ஐம்பது மைலில் ஊளையிடும், அறுபதில் அழும். ஏன் என்று முதலாளியிடம் கேட்டாள். "டயர்னா கத்தத்தான் செய்யும்" என்றார். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. இறைச்சி மடிக்கும் பழுப்புக் காகிதச் சுருளைத் தரையில் விரித்து, டயரில் கரிப்பொடி தடவி, காகிதத்தின் மேல் ஒரு முழுச் சுற்று உருட்டினாள். டயரின் முகம் கறுப்பாக அதில் பதிந்தது. டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளை, அவள் பாஷையில் பட்டன்களை, ஒவ்வொன்றாக அளந்தாள். லாரி டயரில் எல்லாப் பட்டன்களும் ஒரே அளவு. அடுத்து கடைக்கு வந்த ஒரு சாலை டயரை உருட்டி அளந்தபோது முதல் பட்டனை விட இரண்டாவது நீளம், மூன்றாவது குட்டை, நான்காவது இரண்டுக்கும் நடுவில். வார்ப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். இன்னொன்றை உருட்டினாள். அதே வரிசை, மயிரிழை பிசகாமல்.

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. எல்லாப் பட்டன்களும் ஒரே அளவாக இருந்தால், நடுவில் சிக்கும் காற்று ஒரே தாளத்தில் நசுங்கி, ஒரே சுருதியில் கத்தும். அளவை மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றின் கத்தல் இன்னொன்றோடு சேராது. கூட்டம் கலைந்துவிடும். காதுக்குக் கிடைப்பது கோதுமை வயலில் காற்று போகிற மாதிரி ஒரு சலசலப்பு மட்டுமே. முகம் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, கத்த வேண்டிய ரப்பருக்கு அடக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். லின்னியா கரி படிந்த கையோடு அந்தக் காகிதத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேவாலயத்தில்கூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

முப்பத்திரண்டு வருடத்தில் அப்படி எடுத்த சுருள்கள் நானூற்றுக்கும் மேல் கடையின் பரணில் அடுக்கியிருக்கின்றன. நடுவில் முதலாளி ஓய்வு பெற்றார், கடை அவளுடையதாயிற்று. ஒரு சக்கர ரிம் வெடித்ததில் இடது காது கேட்காமல் போயிற்று. மிச்சமிருக்கும் வலது காதை அவள் நல்ல கருவியைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்வாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிளைட் டோல்ஸ்ரூட் தன் பெரிய சபர்பன் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். எழுபத்துமூன்று வயது, தெற்கே மாட்டுப் பண்ணை. மனைவி மேவிஸ் வண்டியிலேயே இருந்தார். கிளைட் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல அதைப் பார்த்தார்.

"சத்தமில்லாத டயர் வேணும், லின்னியா."

காபி மேசையில் இனிப்பு ரோல் ரொட்டி தின்றுகொண்டிருந்த ரஸ் திரும்பினான். "என்ன கிளைட், சர்ச்சுக்கு மட்டும் போற வண்டியா ஆக்கிட்டீங்களா?"

"உன்கிட்ட கேக்கல. உன் பாட்டுக்கு அந்த ரோலைத் தின்னு."

லின்னியா வெளியே எட்டிப் பார்த்தாள். சபர்பனின் கீழே இருந்தவை கைமுஷ்டி அளவு பட்டன் வைத்த சேற்று டயர்கள். அந்தப் பகுதியில் எல்லோருமே அதைத்தான் போடுவார்கள். வழவழப்பான டயரோடு ஊருக்குள் வந்தால் வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைப்பார்கள். இரண்டு வருடம் முன்பு இவற்றை மாட்டியதும் அவள்தான். அன்றைக்கு ஓட்டத்தில் இந்த வண்டி சினூக் வரை போனது. சேற்று டயருக்கு அது பெரிய மார்க்.

கிளைட் அவளைக் கம்ப்ரஸர் பக்கம் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொன்னது இதுதான். மேவிஸுக்கு நடுக்குவாதம் வந்ததிலிருந்து குரல் சுருங்கிக்கொண்டே போகிறது. வாரம் ஒருநாள் பில்லிங்ஸில் குரல் பயிற்சி. போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. பயிற்சி கொடுக்கும் பெண், பேசிக்கொண்டே இருந்தால்தான் இருக்கிற குரல் தங்கும், ஆள் இருந்து கேட்டால்தான் பேசத் தோன்றும் என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த குளிர்காலத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

"வீட்ல நான் எங்க உட்காருறேன்? கன்னு போடுற காலம், வைக்கோல், வேலி. அந்த ஏழு மணி நேரந்தான் ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருறது. அவ பேசுறா. எனக்கு ஒரு வார்த்தை விழல. காதுல இந்த மெஷினை மாட்டினா டயர்ச் சத்தம் இன்னும் பெரிசாகுது."

"அப்போ என்ன பண்றீங்க?"

"தலையாட்டுறேன்." தொப்பியை மறுபடி பார்த்தார். "ஆமாங்கிறேன். அவ சிரிச்சா சிரிக்கிறேன். எனக்குக் கேக்குதுன்னு நெனச்சிட்டிருக்கா. நீ சொல்லிடாதே. அது தெரிஞ்சா பேசுறதையே விட்டுடுவா."

லின்னியா காற்றழுத்தம் பார்க்கும் கேஜை எடுத்துக்கொண்டு போனாள். முன் சக்கரத்தில் வைத்தாள். எழுபது பவுண்டு.

"இது என்ன, வைக்கோல் வண்டியா?"

"டயர்லயே எம்பதுன்னு போட்டிருக்கே. நான் பத்து கம்மியாத்தான் வெச்சிருக்கேன்."

"அது டயர் தாங்குற உச்சம். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு கதவோரம் ஒட்டியிருக்குற சீட்டுல இருக்கு. முப்பத்தஞ்சு." காற்றை இறக்கி, தடித்த டயர் என்பதால் கொஞ்சம் கூட்டி நாற்பத்திரண்டில் நிறுத்தினாள். பிறகு உள்ளங்கையை டயரின் மேல் முன்னோக்கி ஓட்டினாள், வழுக்கியது. பின்னோக்கி ஓட்டினாள், ரம்பப்பல் மாதிரி கடித்தது. சக்கரங்களை முன்பின் இடம் மாற்றாமலே இரண்டு வருடம் ஓட்டி, பட்டன்களை ஒருபக்கமாகத் தேய்த்திருக்கிறார்.

"ஒரு ஓட்டம் போய்ப் பார்த்துடலாம்" என்றாள். வழக்கமாக அவள் உட்காரும் இருக்கையில் மேவிஸ் இருந்தார். லின்னியா பின்னால் ஏறி, வலது காது நடுவில் வரும்படி இடது ஓரமாக, கிளைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். "மேவிஸ், இன்னிக்கு நீங்க சொல்லுங்க ஸ்டேஷன்."

இருபதில் மேவிஸின் குரல் வந்தது. காய்ந்த இலையைப் புரட்டுவதுபோல, ஆனால் தெளிவாக. "கிளாஸ்கோ."

"கிளாஸ்கோ" என்றார் கிளைட்.

"ஹின்ஸ்டேல்" வந்தது. முப்பதில் "சேக்கோ", லின்னியா முன்னால் குனிந்தால்தான் கிடைத்தது. முப்பத்தைந்தில் பட்டன்கள் ஊளையைத் தொடங்கின. அதன்பின் மேவிஸின் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் கிளைட் எதிரே வந்த லாரிக்கு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, "மால்ட்டா" என்றார். "டாட்சன்" என்றார். "ஹார்லெம். ஜூரிக்." ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

மேவிஸ் முன்னால் இறக்கியிருந்த வெயில் மறைப்பின் சிறு கண்ணாடியில் லின்னியா அவர் முகத்தைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. சேக்கோவுக்குப் பிறகு மேவிஸ் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மனிதர் ஓசையே இல்லாத இடத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு போனார். மேவிஸின் கண் கண்ணாடியில் லின்னியாவைச் சந்தித்தது. அதில் வருத்தம் இல்லை, குறும்பு இருந்தது. பார்த்தியா, ரொம்ப நாளா இப்படித்தான் என்று சொல்கிற கண்.

"சினூக்!" என்றார் கிளைட்.

லின்னியா இருக்கையில் சாய்ந்து யோசித்தாள். இரண்டு வருடம் முன்பு இதே சாலையில் சினூக் வரை கேட்டது யார் குரல்? நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கியின் இரைச்சலுக்கு மேல் முப்பது வருடம் கத்திப் பழகிய தன் குரல். அளவுகோலே தன் தொண்டைதான் என்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. எந்த ரோடு, எவ்வளவு பாரம், எத்தனை பனி, எல்லாம் கேட்பாள். பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டதில்லை.

கடைக்குத் திரும்பியதும் மேவிஸை உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்தாள். கம்ப்ரஸரை நிறுத்தினாள். பரணிலிருந்து இரண்டு சுருள்களை எடுத்து மேசையில் விரித்தாள். ஒன்று, பார்வைக்குச் சேற்று டயர் மாதிரி முரட்டுத்தனம் காட்டிக்கொண்டு, சத்தம் குறைவு என்று விற்கப்படுவது.

"இது நல்லாருக்கே. ரஸ் வாயும் அடைஞ்சிடும்" என்றார் கிளைட்.

"புதுசுல ஹாவர் வரைக்கும் போகும். எட்டாயிரம் மைலுக்கு அப்புறம் இந்த ஓரத்துல திறந்திருக்கு பாருங்க, இங்கருந்து கத்த ஆரம்பிக்கும்." இன்னொன்றின் மேல் விரலை வைத்தாள். நேர்நேரான வரிகள், மூடிய ஓரங்கள், குறுக்கே மெல்லிய கீறல்கள். "இதைப் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ஒரே நீளத்துல ரெண்டு பட்டன் இருக்கான்னு தேடுங்க."

மேவிஸ் நடுங்கும் விரலால் காகிதத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொட்டுக்கொண்டே போனார். பாதியில் நின்று நிமிர்ந்தார். "இத்தனையையும் உட்கார்ந்து யோசிச்சாங்களா?" என்றார். அவரும் லின்னியாவும் அந்தக் காகிதத்தின் மேல் குனிந்தார்கள்.

"பக்கவாட்டுல மலையும் பனிப்பூவும் முத்திரை இருக்கு. பனியிலயும் ஓடும்" என்றாள் லின்னியா. "ஓடாதது ஒண்ணே ஒண்ணு. ஈரக் களிமண்."

கிளைட்டின் முகம் வாடியது. தார் ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் பதினொரு மைல் மண்பாதை. மழை பெய்தால் அந்த மண் சக்கரத்தோடு எழுந்து வரும். இந்த வரி டயர் இரண்டு சுற்றில் முழுதாக அப்பிக்கொண்டு உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிடும்.

"முன்னாடி ரெண்டு இது, பின்னாடி ரெண்டு பழசு போட்டா?" என்றார்.

ரஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான். "ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல செருப்பு!"

"ரஸ், நீ ஊறுகாய் தின்னப் போ" என்றாள் லின்னியா. "கிளைட், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குற வண்டி இது. நாலும் ஒரே சுற்றளவா இல்லேன்னா அடியில இருக்குற கியர்ப் பெட்டி தன்னைத்தானே தின்னுடும். நாலும் ஒண்ணாத்தான் இருக்கணும். கத்தாத டயர், களிமண்ல ஓடுற டயர், ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். ரெண்டும் சேர்ந்த டயரை நான் இன்னும் உருட்டினதில்ல."

அப்போது மேவிஸ் பேசினார். எல்லோரும் தாமாகவே முன்னால் குனிந்தார்கள்.

"பழைய பிக்கப் சும்மாதானே நிக்குது. சேத்துல அதுல வருவோம். தார் ரோடு தொடங்குற இடத்துல ஹெல்கா வீட்டுக் கொட்டகை காலி. சபர்பன் அங்க நிக்கட்டும்." மூச்சு வாங்கினார். "போன நவம்பர் நன்றிப் பண்டிகையிலருந்து ஒவ்வொரு வாரமும் கார்ல இதைத்தான் சொல்லிட்டு வர்றேன்."

கிளைட் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "நான்... நீ வைக்கோல் கட்டு பத்திப் பேசுறதா நெனச்சேன்."

"தெரியும். ஆமா ஆமா, நாளைக்கே ஏத்திடலாம்னு சொன்னியே."

ரஸ்கூடச் சிரிக்கவில்லை.

புது டயர்கள் வியாழக்கிழமை லாரியில் வந்தன. லின்னியா நான்கையும் தானே மாட்டினாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பேலன்ஸ் பார்த்தாள். ஒன்றில் கால் அவுன்ஸ் அதிகம் காட்டியது, அதைக் கழற்றி ரிம்மில் அரைச்சுற்று திருப்பிப் போட்டாள். காற்று முப்பத்தைந்து, நான்கிலும் முப்பத்தைந்து. கிளைட்டின் கையைப் பிடித்துக் கதவோரச் சீட்டின் மேல் வைத்து, "இதுதான் வேதம்" என்றாள்.

பதினொன்றரைக்குக் கிளம்பினார்கள். பழையபடி கிளைட் ஸ்டியரிங்கில், பக்கத்தில் மேவிஸ், பின்னால் லின்னியா. ஒரு மணிக்கு வேறொரு வண்டிக்கு நேரம் கொடுத்திருந்தாள். வழியில் வாக்னர் தானியக் கிடங்கில் வண்டியைத் திருப்பினால் பன்னிரண்டுக்குள் வந்துவிடலாம்.

"கிளாஸ்கோ." "கிளாஸ்கோ."

"ஹின்ஸ்டேல்." "ஹின்ஸ்டேல்."

"சேக்கோ." லின்னியா மூச்சை அடக்கிக்கொண்டாள். முள் முப்பத்தைந்துக்கு ஏறியது.

"மால்ட்டா" என்றார் மேவிஸ். குரல் கூடவில்லை, அதே இலைச் சத்தம்தான். அது இரைச்சலில் அமுங்கவில்லை. கிளைட்டின் தோள் கொஞ்சம் உயர்ந்தது. "மால்ட்டா" என்றார், இந்த முறை மெதுவாக.

"டாட்சன்." "டாட்சன்."

நாற்பத்தைந்தில் மேவிஸ் ஒரு கணம் தாமதித்தார். பிறகு சொன்னார்: "பொய்க்காரா."

"ஹா..." என்று தொடங்கிய கிளைட் அதோடு வாயை மூடிக்கொண்டார். பின்கழுத்து சிவந்து, சிவப்பு காது வரை ஏறுவதை லின்னியா பின்னாலிருந்து பார்த்தாள். திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. வண்டி கால் மைல் போனது.

"பொய்க்காரா" என்றார் கிளைட்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம். கொஞ்சம் கூடவே இருக்கும்."

"சரி. ஜூரிக்."

"ஜூரிக்" என்றார். சினூக் வந்தது. அறுபதில் ஹாவர். அறுபத்தைந்தில் கிரெம்லின். எழுபதைத் தொட்டபோது மேவிஸ் நிதானமாக, சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கிற குரலில், "கில்ட்ஃபோர்ட்" என்றார்.

"கில்ட்ஃபோர்ட்."

அதற்கு மேல் பெயர் இல்லை. முள் எழுபதிலேயே நின்றது. லின்னியா காது கொடுத்துக் கேட்டாள். மூன்று டன் வண்டி தார் மேல் பறந்துகொண்டிருந்தது. கீழே நான்கு டயர்களும் தங்கள் சமமில்லாத பட்டன்களால் தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல் இன்னொரு ஒலி இருந்தது. முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. சிறிய, காய்ந்த, விடாத ஒலி. கண்ணால் தேடியபோது தெரிந்தது. மேவிஸின் மடியில் மளிகைச் சாமான் எழுதிய துண்டுக் காகிதம். நடுங்கும் விரல்களில் அது படபடத்துக்கொண்டிருந்தது. எழுபது மைல் வேகத்தில் ஒரு காகிதத்தின் நடுக்கம் கேட்டது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடையே மேவிஸ் மூச்சை எடுத்து வைப்பதும் கேட்டது. முப்பத்திரண்டு வருடம் டயரைக் கேட்டவள், அதற்கு அப்பால் இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தாள். கையை மடியில் கோத்துக்கொண்டாள். அந்தப் பெயர் தெரியாத மேசைக்காரர் ஞாபகம் வந்தார். தான் செய்து வைத்தது இங்கே என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மேவிஸ் பேச ஆரம்பித்திருந்தார். ஹெல்காவின் கொட்டகைக் கதவைப் பற்றி, தங்கை போட்ட கடிதத்தைப் பற்றி, போன வருடம் மே மாதம் வழியில் பார்த்த ஒரு மான் கூட்டத்தைப் பற்றி.

"எப்போ பார்த்தோம்? நான் பார்க்கலையே" என்றார் கிளைட்.

"காட்டினேன். நீ தலையாட்டினே."

"எத்தனை மான்?"

"முப்பது இருக்கும். ஒண்ணு மட்டும் வேலி தாண்டத் தெரியாம நின்னுச்சு."

"அப்புறம்?"

மேவிஸ் அப்புறம் நடந்ததைச் சொன்னார். வாக்னர் கிடங்கு இடது பக்கம் வந்தது, பெரிதாயிற்று, பின்னால் போயிற்று. லின்னியா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைக் கதவு பூட்டாமல் கிடக்கிறது, ரஸ் இருப்பான், ரோல் தின்றுகொண்டு.

"கிளைட்" என்றார் மேவிஸ், "திரும்ப வேண்டிய இடம் போயிடுச்சு."

"கேட்டுச்சு" என்றார் கிளைட். வண்டி டாட்சனை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.